கையெழுத்துப் போட்டாச்சு, இனி மாற்ற முடியுமா?

டீ ஆறுவதற்குள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: மாற்ற முடியும். விவாகரத்து ஆகி வருஷக்கணக்கில் ஓடியிருந்தாலும், ஒத்துக்கொண்டதை எழுதிக் கொடுத்த கூட்டு மெமோவில் இருவருமே கையெழுத்துப் போட்டிருந்தாலும், "எனக்கு முழுச் சம்மதம்" என்று நீதிபதி முன்னால் சொல்லியிருந்தாலும் முடியும். வீடு யாருக்கு, நகை யாருக்கு, மொத்தமாகக் கொடுத்த தொகை எவ்வளவு என்பதெல்லாம் தீர்ந்த கணக்கு. குழந்தை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்பது மட்டும் பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை தீராத கணக்கு.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. எப்போது மாற்றுவார்கள்? குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருகிற பலரும் பழைய கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கல்யாணத்தன்று நடந்தது, மாமியார் சொன்னது, அன்றைக்கு வீட்டை விட்டுப் போனது என்று பக்கம் பக்கமாக வரும். நீதிபதி தேடுவது அதில் இருக்காது. கடைசி உத்தரவுக்குப் பிறகு குழந்தையின் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது, அந்தப் பழைய ஏற்பாடு இன்றைய குழந்தைக்குப் பொருந்துகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 26-ஆவது பிரிவு, குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு ஆகியவை பற்றி வழக்கு நடக்கும்போதும், தீர்ப்பிலும், தீர்ப்புக்குப் பின்னாலும் அவ்வப்போது உத்தரவு போடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. போட்ட உத்தரவை ரத்து செய்யலாம், நிறுத்திவைக்கலாம், திருத்தலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் இதே வேலையை 38-ஆவது பிரிவு செய்கிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், எந்த மதத்தவரும் போய் நிற்கக்கூடிய 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். நம் ஊர் வழக்குக் கட்டுகளின் மேல் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று எழுதியிருப்பது அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட மனு.

சட்டம் இப்படி இடம் வைத்திருப்பதற்கான காரணத்தை உச்ச நீதிமன்றம் 1973-இலேயே சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கு அது. பிள்ளைகள் பெற்றோரின் சொத்தும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்பதும், சூழ்நிலை மாறும்போது அவர்களைப் பற்றிய உத்தரவும் மாறத்தான் வேண்டும் என்பதும் அதன் சாரம். 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. சம்மதத்தோடு நடந்த விவாகரத்து. மகன் அம்மாவிடம். அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. ஒப்புக்கொண்டு எழுதிய நிபந்தனையை இப்போது எப்படி மாற்றலாம் என்று கேட்டார் அப்பா. நீதிபதிகள் சிறுவனோடு பேசினார்கள். அம்மாவோடு இருக்கவே அவன் விரும்புவதைக் கண்டு அனுமதித்தார்கள். குழந்தை பற்றிய உத்தரவு எப்போதும் இடைக்காலத் தன்மை கொண்டது என்று அந்தத் தீர்ப்பு மறுபடியும் உறுதி செய்தது.

இதையெல்லாம் விடப் புதிதாக ஒன்று. 12 வயதுச் சிறுவனை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்ன தன்னுடைய 2024 தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறு ஆய்வு மனுவில் மாற்றியது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு, அம்மாவைப் பிரிய வேண்டுமே என்ற பயத்தில் பையனின் மனநிலை சரிந்ததை மருத்துவ அறிக்கைகள் காட்டின. நாட்டின் கடைசிப் படியில் இருக்கும் நீதிமன்றமே ஓராண்டுக்குள் தன் முடிவைத் திருத்திக்கொண்டது என்றால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய கூட்டு மெமோவைக் கல்வெட்டு என்று நினைக்க வேண்டியதில்லை.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு பார்ப்போம். அம்மா தாம்பரத்தில், அப்பா பெரம்பூரில். ஒரே மகள். பிரியும்போது அவளுக்கு 3 வயது. உத்தரவு இப்படி: குழந்தை அம்மாவிடம், ஞாயிறுதோறும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 1 மணிவரை, பாட்டி வீட்டில் வைத்து அப்பா பார்க்கலாம். 3 வயதுக் குழந்தைக்கு இது சரி. மதியம் தூங்கும் பிள்ளை, அம்மாவை விட்டு இரவு தங்காத பிள்ளை.

அவளுக்கு 6 ஆகிறது. பள்ளிக்கூடம் போகிறாள். இப்போது அந்த மூன்று மணி நேரம் அவளுக்கே போதவில்லை. அப்பாவோடு கடற்கரைக்குப் போக வேண்டும், அத்தை பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்கிறாள். இங்கே அப்பா கேட்க வேண்டியது முழுப் பொறுப்பையும் மாற்றித் தரச் சொல்வதா? வேண்டாம். சனிக்கிழமை இரவு தங்கல், காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறையில் ஒரு பாதி, ஒரு வருஷம் தீபாவளி இங்கே என்றால் பொங்கல் அங்கே என்று கேட்டால் போதும். மாற்றம் என்பது பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் வர வேண்டும். பெரிதாகக் கேட்டால் எதிர்த் தரப்பு பெரிதாக எதிர்க்கும். சின்னதாகக் கேட்டால் கவுன்சிலர் மேஜையிலேயே முடிந்துபோகும்.

10 வயதில் அம்மாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வருகிறது. ஞாயிறுதோறும் என்ற ஏற்பாடு அன்றோடு படுத்துவிடும். இந்த இடத்தில்தான் பல அம்மாக்களும் அப்பாக்களும் சறுக்குகிறார்கள். மாற்றல் உத்தரவு கையில் இருக்கிறதே என்று டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போன பிறகு வருகிற வழக்கில் அவர்கள் விளக்கம் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. போவதற்கு முன்னாலேயே மனு போட்டால் கதை வேறு. மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு. ரயில் கட்டணம் யார் தருவது. கோடை விடுமுறையில் கூடுதல் நாட்கள். தினமும் வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு என்று மாற்று ஏற்பாட்டை அம்மாவே எழுதிக் கொடுக்கலாம். இழந்த ஞாயிறுகளை எப்படி ஈடு செய்யப் போகிறோம் என்று சொல்கிறவரின் மனுவுக்கு எடை அதிகம். பார்க்க முடியாத பெற்றோருக்குக் குழந்தையோடு தினமும் சில நிமிஷங்களாவது போனிலோ வீடியோவிலோ பேசும் உரிமை வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் இங்கே காட்டலாம்.

14 வயதில் மகளே பேச ஆரம்பிக்கிறாள். "பதினொண்ணாவது சென்னையில படிக்கிறேன், அப்பாகூட இருக்கேன்" என்கிறாள். இப்போது முழுப் பொறுப்பும் மாறலாமா என்பது உண்மையான கேள்வியாகிறது. 3 வயதில் எழுதிய உத்தரவு இங்கே எந்த வேலைக்கும் ஆகாது. பார்த்தீர்களா, இந்தக் குடும்பத்தில் யாரும் கெட்டவராக மாறவில்லை. யாருடைய நடத்தையையும் குறை சொல்லாமலே மூன்று முறை உத்தரவு மாற வேண்டியிருந்தது.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது கீழே டக் பிடித்துத் தைப்பார்கள். வளர வளரப் பிரித்துவிடுவார்கள். கூட்டு மெமோவையும் அப்படி எழுத வேண்டும். பள்ளியில் சேர்ந்ததும் இரவுத் தங்கல், 8 வயதானால் விடுமுறையில் பாதி, யாராவது ஊர் மாறினால் 60 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பது, கருத்து வேறுபாடு வந்தால் முதலில் சமரச மையம் என்று அடுத்த கட்டங்களையும் முதல் மெமோவிலேயே வைத்துவிட்டால், நீதிமன்றப் படி ஏறும் தேவை பாதியாகக் குறையும்.

இனி டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சட்டம் என்ற பெயரில் சொல்லப்படுகிற சில விஷயங்களைப் பார்க்கலாம்.

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அப்புறம் அப்பாவுக்குத்தான்." இது பாதி உண்மை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 5 முடிந்ததும் தானாக அப்பாவிடம் போக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று முடித்துவிடுகிறது. அப்பாதான் முதல் இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பின்தான் அம்மா என்ற வாசகத்தையும் 1999-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்திப் படித்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது எழுந்த வழக்கு அது. அப்பா உயிரோடு இருந்தாலும், குழந்தையின் காரியங்களை அவர் கவனிக்காத நிலையில் அம்மாவே இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்றது தீர்ப்பு.

"அவங்க மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பிள்ளை நமக்கு வந்துரும்." வராது. அம்மாவின் மறுமணத்தை மட்டும் காரணமாக வைத்துக் குழந்தையை அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று லேகா எதிர் அனில் குமார் வழக்கில் 2006-இல் முடிவாகிவிட்டது. அப்பாவின் மறுமணத்துக்கும் இதே நியாயம்தான். புது வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது, தூங்க இடம் இருக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா, படிப்பு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. மறுமணம் ஒரு தகவல். அதன் விளைவுதான் சாட்சியம்.

"குழந்தை யாரைச் சொல்லுதோ அவங்களுக்குத்தான்." 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, விவரமாக விருப்பம் சொல்லும் வயதுள்ள குழந்தை என்றால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இத்தனை வயது என்று எண் எதுவும் அதில் இல்லை. நீதிபதி தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். பள்ளிக்கூடம், நண்பர்கள், நாய்க்குட்டி என்று சுற்றிவளைத்துத்தான் விஷயத்துக்கு வருவார். சொல்லிக்கொடுத்த வசனம் அங்கே சட்டென்று பிடிபடும். எட்டு வயதுப் பிள்ளை வாயிலிருந்து "ஜீவனாம்சம்" என்ற சொல் வந்தால் அது யார் சொல்லிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். விவேக் சிங் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கைக்குழந்தையாக இருந்தது முதல் அப்பாவிடமே வளர்ந்து, அம்மாவோடு பழகவே வாய்ப்பில்லாமல் போன சிறுமி அவள். ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தையின் விருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று கண்டு, அவளை அம்மாவிடம் விடச் சொன்னது. பிள்ளையை மற்றவருக்கு எதிராகத் திருப்பினால் அதுவே ஏற்பாட்டை மாற்றுவதற்கான காரணமாகிவிடும்.

"பணம் தரல, அதனால பிள்ளையைக் காட்டல." ஜீவனாம்சப் பாக்கியை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. சந்திப்பு குழந்தைக்குச் சேர வேண்டியது. அதை அடமானமாகப் பிடித்து வைக்க முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு. "பிள்ளையைக் காட்டல, அதனால பணம் தரல" என்ற வாதமும் செல்லாது. சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் நிற்காது இல்லையா?

இப்போது நடைமுறை. பழைய உத்தரவு விவாகரத்துத் தீர்ப்போடு வந்தது என்றால், பொதுவாகத் தீர்ப்பு கொடுத்த அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட வேண்டும். புதிதாக 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடுவதென்றால், குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றம். விடுமுறைக்குப் பாட்டி ஊருக்கு வந்திருக்கும்போது அங்கே போய் மனு போட்டு ஊரை மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முடிவு வர நாளாகும் என்பதால், மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவு கேட்டு ஐ.ஏ. என்கிற இடைக்கால மனு ஒன்றும் போடுவது வழக்கம். வரப்போகிற கோடை விடுமுறை, பிறந்த நாள், பள்ளிச் சேர்க்கை போன்றவை அதில்தான் தீரும்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்கே கடமை வைத்திருக்கிறது. அதனால் கவுன்சிலர் அறையைச் சடங்காக நினைத்து வாய்தா வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது, மாவட்டங்களிலும் உண்டு. குழந்தை ஏற்பாட்டை மாற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. எத்தனை மணிக்கு அழைத்து வருவது, எந்த வாசலில் நிற்பது, மாத்திரைப் பை யார் கையில் என்பதையெல்லாம் குறுக்கு விசாரணையில் தீர்க்க முடியாது. அங்கே ஒத்துவந்தால் அதை எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் செய்துகொண்ட மாற்றம் நட்பு இருக்கும்வரை ஓடும். நட்பு முறிந்த அன்று பழைய உத்தரவுதான் பேசும்.

சாட்சியம் என்று பெரிதாக எதையும் தேடி அலைய வேண்டாம். வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, மருத்துவர் சீட்டு, பள்ளி டைரியில் யார் கையெழுத்து, சந்திப்பு நடந்த நாட்கள், நடக்காத நாட்கள், நடக்காததற்கு வந்த வாட்ஸ்ஆப் செய்தி. காய்ச்சல் என்று ஒரு ஞாயிறு தள்ளிப்போனால், அன்றே செய்தி அனுப்பி, மாற்று நாளையும் அதே செய்தியில் சொல்லிவிட்டால் போதும். பிள்ளையின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து கொண்டுவருவது மட்டும் வேண்டாம். பதிவு செய்தவர் மேல்தான் சந்தேகம் திரும்பும்.

அவசரம் வேறு கதை. குழந்தையை அடிக்கிறார்கள், குடித்துவிட்டு வண்டியில் ஏற்றிப் போகிறார்கள், பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருக்கிறது என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. குழந்தைகள் உதவி எண் 1098. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 21-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் தற்காலிகப் பொறுப்பைத் தாய்க்குத் தரலாம். எதிர்த் தரப்பின் சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று கண்டால் மறுக்கலாம். அங்கேயும் உத்தரவு வழியாகவே போங்கள். நாமாகக் கதவைச் சாத்திக்கொண்டால், நாளை சட்டத்தை மீறியவர் நாம் என்று ஆகிவிடும்.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு பெற்றோருக்குத் தெரியாமல் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. இலங்கை அதில் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். யஷிதா சாஹு வழக்கில் அமெரிக்காவிலிருந்து அம்மா அழைத்து வந்த சிறுமியைத் திரும்ப அங்கே போகச் சொன்னதும் நம் உச்ச நீதிமன்றம்தான். விமான டிக்கெட்டுக்கு முன்னால் நீதிமன்ற அனுமதி என்பதே பாதுகாப்பான வரிசை.

அம்மா, அப்பா இருவரும் சேர்ந்தே பொறுப்பேற்கும் முறையைச் சட்டத்திலேயே எழுதும்படி இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் பெற்றோர் ஒத்துக்கொண்டால் அப்படி எழுதிக்கொள்வதைத் தடுக்கவும் எதுவும் இல்லை.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; ஆண்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே போகலாம்.

மனு வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "நான்", "என்னை", "எனக்கு" என்று வருகிற வரிகளைக் கோடிடுங்கள். பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுகிறது, எந்த வேனில் போகிறது, யாரிடம் பாடம் கேட்கிறது, எந்த நாளுக்காகக் காத்திருக்கிறது என்று வருகிற வரிகளை வட்டமிடுங்கள். கோடு அதிகமாக இருந்தால் அது பழைய விவாகரத்து வழக்கின் மிச்சம். வக்கீலிடம் திருப்பிக் கொடுத்து வேறு எழுதச் சொல்லுங்கள். வட்டம் அதிகமாக இருந்தால் தாக்கல் செய்யலாம்.